சுட்டபின் கெட்டுப்போன சவ்வும் வினையூக்கியும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

உலையிலிருந்து எடுத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டெம்பரேச்சரை ஒரு ஐம்பது டிகிரி குறைத்துப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் எங்கள் ஆய்வகத்தில் அதிகம். அந்த எண்ணை மாற்றிச் சரியானதைவிட, மாற்றாமலே சரியானதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏறிய வேகம், உலைக்குள் தேங்கிய காற்று, படலத்தின் தடிமன், வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் சொன்ன பொய் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும்வரை வெப்பநிலையில் கை வைக்காதீர்கள்.

கீழே உள்ளவை இரண்டு வகைப் பொருள்களுக்கு. ஒன்று, ஆல்ஃபா அலுமினா வட்டின்மேல் போமைட் சோலில் (அலுமினியம் ஆக்சைடு-ஹைட்ராக்சைடு நுண்துகள் மிதக்கும் நீர்) முக்கியெடுத்து, சுட்டு, காமா அலுமினா படலமாக்கும் சவ்வுகள். ஆல்ஃபா, காமா இரண்டும் அலுமினாவின் படிக வடிவங்கள். டைட்டேனியா படலத்துக்கும் இதே வழிதான். இன்னொன்று, அலுமினா அல்லது டைட்டேனியா தாங்கியில் நிக்கல், கோபால்ட், தாமிரம், பிளாட்டினம் ஏற்றிய வினையூக்கிகள். கடைசியில் பல்லேடியம் சவ்வு பற்றிக் கொஞ்சம். டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: உலை சொல்வது நிஜமா?

ஒரே நிரல் (உலையில் பதித்த சூட்டுத் திட்டம்), ஒரே சோல், போன வாரம் நன்றாக வந்தது, இந்த வாரம் வரவில்லை. அப்படியானால் மாதிரியை விட்டுவிட்டு உலையைப் பாருங்கள்.

வைத்த இடம் மாறியதா? மஃபிள் உலையில் (பெட்டிபோன்ற மின்உலை) தெர்மோகப்பிள் பின்சுவரில் இருக்கும். கதவோரம் எப்போதும் குளிர்ச்சி. எங்கள் பழைய உலையில் திரை 600 காட்டும்போது கதவருகே 30 டிகிரிக்கும் மேல் குறைவாக இருந்தது. தனியாக ஒரு கே வகைத் தெர்மோகப்பிளை மாதிரியின் பக்கத்தில் வைத்து ஒருமுறை அளந்து, தரைச் செங்கல்லில் நல்ல இடத்தைப் பென்சிலால் கட்டம் போட்டு வையுங்கள். அதற்கு வெளியே யாரும் எதுவும் வைக்கக் கூடாது.

மின்சாரம் போய் வந்ததா? இரவில் ஓடவிட்டுப் போனவர்கள் இதை மறந்துவிடுவார்கள். சில கண்ட்ரோலர்கள் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மெல்ல ஏறும். சில, நேராக இலக்கு வெப்பநிலைக்கு முழு வேகத்தில் பாயும். உங்களுடையது எது என்று அமைப்புப் பட்டியலில் பாருங்கள். மின்தடை வந்தால் நிரலை நிறுத்திவிடு என்று வைப்பதுதான் என் வழக்கம். பாதி சுட்ட வட்டை மறுபடி சுட்டுக்கொள்ளலாம், பாய்ந்து சுட்டதை ஒன்றும் செய்ய முடியாது.

தெர்மோகப்பிள் பழசா? கே வகை வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அளவு நகரும். கையில் இரண்டாவது தெர்மோகப்பிள் இல்லையென்றால் சுத்தமான சோடியம் குளோரைடு போதும். அது உருகுவது 801 டிகிரியில். மூடிபோட்ட சின்னக் க்ரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) நாலைந்து படிகம் வைத்து 790-இல் அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள், படிகம் அப்படியே இருக்க வேண்டும். 815-இல் நிறுத்தினால் உருகி அடியில் படிந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையின்போது வேறு மாதிரி எதுவும் உள்ளே வேண்டாம். முடிந்ததும் வெறும் உலையை 900-இல் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், சோடியம் வினையூக்கிக்கு ஆகாது.

கம்பி மாற்றி மாட்டப்பட்டதா? சூடேற ஏறத் திரையில் எண் இறங்கினால் தெர்மோகப்பிளின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். கண்ட்ரோலர் 'குளிர்கிறது' என்று நினைத்து முழு மின்சாரத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டிய இடம்: நிரல் முடிந்தும் உலை ஏறிக்கொண்டே போகிறது என்றால் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே கெடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மாணவர்கள் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

## அறிகுறி: படலம் வறண்ட ஏரி மண்போல வெடித்திருக்கிறது

வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். முதலில் ஒரு கேள்வி: வெடிப்பு சுடுவதற்கு முன்பே இருந்ததா?

யாரும் பார்ப்பதில்லை. காய்ந்த ஜெல் (சோல் இறுகி ஆன படலம்) கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை வட்டின் விளிம்போடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளி இழைபோல மின்னும். ஒவ்வொரு வட்டையும் உலைக்குள் வைக்கும் முன் இப்படிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

### சுடுவதற்கு முன்பே வெடிப்பு இருந்தது

உலைக்கு இதில் பங்கில்லை, காய்தல்தான் காரணம்.

செலவில்லாத சோதனை: வட்டு காய்ந்த இடத்தில் காற்று எப்படி? ஏசி நேராக வீசும் மேசையில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகும், அடியில் இன்னும் நீர் இருக்கும், மேல்தோல் இழுத்துப் பிளக்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடியைச் சற்றே திறந்து வைத்தால் பல சமயம் அதுவே தீர்வு. வசதி இருந்தால் 40 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் காய வையுங்கள். கார்த்திகை மழையில் நன்றாக வந்த சமையல் குறிப்பு சித்திரையில் தோற்பதற்கும் இதுதான் காரணம். சோல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தடிமன். ஒருமுறை முக்கியெடுத்தால் இரண்டிலிருந்து நான்கு மைக்ரான்வரை தாங்கும். பத்து மைக்ரானைத் தொட்டால் எவ்வளவு மெதுவாகக் காய வைத்தாலும் வெடிக்கத்தான் செய்யும். தடிமனை அறிய எஸ்இஎம் என்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஓட வேண்டாம், நாலு தசமத் தராசு போதும். 39 மில்லிமீட்டர் வட்டின் ஒரு முகம் சுமார் 12 சதுர சென்டிமீட்டர். பாதி வெற்றிடமான காமா அலுமினா மூன்று மைக்ரான் தடிமனில் அதன்மேல் படிந்தால், சுட்டபின் எடை ஆறரை மில்லிகிராம் கூடியிருக்கும். இருபதைத் தாண்டினால் நீங்கள் பத்து மைக்ரான் பக்கம் போய்விட்டீர்கள். வெற்று வட்டை முதலில் சுட்டு, உலர்த்திக் குளிரவைத்து எடை போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

தடிமன் கூடினால் சோலை நீர்க்க வையுங்கள், அல்லது முக்கும் நேரத்தைக் குறையுங்கள். தடிமன்தான் வேண்டுமென்றால் முக்கு, காய வை, சுடு என்று இரண்டு சுற்று. இரண்டாம் சுற்று முதல் சுற்றின் சின்னக் குறைகளையும் மூடிவிடும். அதனால் ஒரே சுற்றில் நன்றாக வந்தாலும் நான் இரண்டு சுற்று போடுகிறேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வெடித்தால் பாலிவினைல் ஆல்கஹாலைச் சோலில் சேருங்கள். காயும்போது ஏற்படும் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்புறம் அதை எரித்து வெளியேற்றும் வேலை வரும், அதைக் கீழே பார்ப்போம்.

### சுடும் முன் நன்றாக இருந்தது, சுட்டபின்தான் வெடிப்பு

ஏற்று வேகம்தான் முதல் சந்தேகம். நிமிடத்துக்கு 1 டிகிரி, பொறுமை இருந்தால் 0.5. காமா அலுமினாவுக்கு 600 டிகிரியில் மூன்று மணி நேரம். இறக்கமும் அதே வேகத்தில். "நிரலில் 1 என்றுதான் போட்டேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டது உண்மைதான். ஆனால் பெரிய மஃபிள் உலை 150 டிகிரிக்குக் கீழே நிரலின் பேச்சைக் கேட்பதில்லை. ஹீட்டர் ஒரு தள்ளு தள்ளும், வெப்பநிலை குபீரென்று 80 தாண்டும், பிறகு நிரல் வந்து பிடிக்கும்வரை காத்திருக்கும். ஜெல்லில் நீர் வெளியேறும் கட்டமும் சரியாக அதுதான். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கொருமுறை எண்ணை எழுதுங்கள். துள்ளல் தெரிந்தால் கண்ட்ரோலரில் ஆட்டோ டியூன் (தானே சரிசெய்துகொள்ளும் வசதி) போடுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தின் உச்சவரம்பைக் குறையுங்கள்.

அடுத்தது கதவு. 400 டிகிரியில் "எப்படி இருக்கிறது என்று பார்க்க" ஒரு மாணவர் திறந்தார். எட்டு வட்டுகள். டப்டப்பென்ற சத்தம் எனக்கு அடுத்த அறைவரை கேட்டது. 100-க்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொடக் கூடாது.

அப்புறம் வட்டு உட்காரும் விதம். செங்கல்மேல் நேராக வைத்தால் அடி ஒரு வேகத்திலும் மேல் ஒரு வேகத்திலும் சூடாகும். மூன்று அலுமினாத் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள்.

இவை எதுவுமில்லை என்றால் தாங்கியை, அதாவது படலத்துக்கு அடியிலுள்ள வட்டை, பாருங்கள். ஆல்ஃபா அலுமினாவின் வெப்ப விரிவு கெல்வினுக்குச் சுமார் 8 மைக்ரோ (பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு). துருப்பிடிக்காத எஃகுக்கு 16, 17. எஃகுத் தாங்கியில் நேராக ஆக்சைடு படலம் போட்டுச் சுட்டால் இறங்கும்போது எஃகு இருமடங்கு சுருங்கிப் படலத்தை நசுக்கும். நடுவில் இடைப்படலம் இல்லாமல் இது தேறாது.

### வெடிப்பு எவ்வளவு ஆழம்?

மெத்திலீன் நீலக் கரைசலில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிடம் விட்டு, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். வெடிப்பு நீலக் கோடாக நிற்கும். சாயம் அடுத்த சூட்டில் எரிந்துபோகும், கவலை வேண்டாம்.

குமிழிச் சோதனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீரில் நனைத்த வட்டின் பின்னால் காற்றழுத்தம் கொடுத்தால், 1 பாரில் குமிழி வருவதற்குச் சுமார் 3 மைக்ரான் ஓட்டை வேண்டும். தாங்கியின் சொந்தத் துளைகள் 0.2 மைக்ரான் என்றால் அவை 14 பார் தாண்டித்தான் திறக்கும். ஆகவே அரை பாரில் குமிழி வந்தால் தாங்கியே பிளந்திருக்கிறது, அல்லது ஓ-ரிங் (கசிவு தடுக்கும் வளையம்) ஒழுகுகிறது. குமிழி வரவில்லை என்பதால் மேல்படலம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேல்படலத்தில் மட்டும் வெடிப்பு இருந்தாலும் அடியிலுள்ள தாங்கி அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். இதை அறியாமல் "பபிள் டெஸ்ட் பாஸ்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

மேல்படலத்தைச் சோதிக்க வாயு வேண்டும். ஹீலியமும் நைட்ரஜனும் போகும் விகிதத்தை அளந்தால், சின்னத் துளைகள் மட்டுமே இருக்கும்போது 2.65 பக்கம் வரும். வெடிப்பு இருந்தால் 1-ஐ நோக்கி இறங்கும். தாங்கியின் தடையும் கணக்கில் கலந்துவிடும் என்பதால் வெற்றுத் தாங்கியை முதலில் அளந்து வையுங்கள்.

தாங்கியே பிளந்திருந்தால் அந்த வட்டைத் தூக்கிப் போடுங்கள், ஒட்டும் வழி இல்லை. ஒரே பெட்டியில் வந்த மூன்று நாலு வட்டுகள் தொடர்ந்து பிளந்தால் விற்றவரிடம் பேச வேண்டிய நேரம்.

## அறிகுறி: வெடிப்பு இல்லை, ஆனால் அங்கங்கே ஊசித்துளை

தூசி. தொண்ணூறு வீதம் தூசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோலை 0.8 மைக்ரான் வடிகட்டியில் விட்டு உடனே முக்குங்கள். குலுக்கிய பாட்டிலை அப்படியே பயன்படுத்தினால் காற்றுக் குமிழி வரும், அரை மணி நேரம் அமர விடுங்கள். உலைக் கூரையிலிருந்து செங்கல் துகள் விழுவதும் உண்டு. வட்டுக்குமேல் கவிழ்த்த க்ரூசிபிள் மூடி ஒன்று கால் வைத்தாற்போல் நின்றால் போதும்.

## அறிகுறி: படலம் செதில் செதிலாக உரிகிறது

செல்லோ டேப்பை ஒட்டி இழுங்கள். டேப்பில் வெறும் படலம் மட்டும் வந்து, தாங்கி பளிச்சென்று தெரிந்தால் ஒட்டு சரியில்லை. டேப்பில் தாங்கியின் மணிகளும் சேர்ந்து வந்தால் தாங்கியே சரியாக வேகவில்லை.

ஒட்டு சரியில்லை என்றால் முதல் காரணம் விரல். கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் பெருவிரல் ரேகை வடிவத்திலேயே உரிந்த வட்டை நான் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்ட. வட்டை எத்தனாலில் கழுவி, 600 டிகிரியில் ஒருமுறை வெறுமனே சுட்டுவிட்டுப் பிறகு முக்குங்கள். இரண்டாவது, தாங்கியைத் தேய்த்த பொடி துளைகளில் தங்கியிருப்பது. அல்ட்ராசானிக் குளியலில் பத்து நிமிடம் போட்டால் நீர் பால்போல ஆகும். ஆகவில்லை என்கிறவரை நீரை மாற்றுங்கள். மூன்றாவது, முதல் படலம் சுடாமல் வெறுமனே காய்ந்து இருக்கும்போதே இரண்டாவதைப் போட்டது. இது சோம்பல், வேறொன்றுமில்லை.

## அறிகுறி: வெள்ளையாக வர வேண்டியது சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது

பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்தவர்களுக்கு வரும். உலைக்குள் காற்று ஓடாமல் கரி தங்கிவிட்டது.

சோதனையும் மருந்தும் ஒன்றே: உலையின் புகைபோக்கித் துளையைத் திறந்து, காற்று ஓடவிட்டு, 500 டிகிரியில் இரண்டு மணி நேரம் மறுபடி சுடுங்கள். வெளுத்தால் கரி. வெளுக்கவில்லை என்றால் உலோக அழுக்கு. ஹீட்டர் கம்பியிலிருந்து உதிர்ந்த செதில், எஃகு இடுக்கியின் துரு, முன்பு அதே க்ரூசிபிளில் சுட்ட யாரோ ஒருவரின் கோபால்ட்.

டைட்டேனியாவை நைட்ரஜனில் சுட்டால் கரி இல்லாமலேயே சாம்பல், நீலச் சாம்பல் நிறம் வரும். ஆக்சிஜன் குறைந்துபோனதால் வருவது அது. காற்றில் சுட்டால் திரும்பும். சூடாக இருக்கும்போது மஞ்சளாகத் தெரிந்து ஆறியதும் வெளுப்பது கோளாறே அல்ல.

## அறிகுறி: படலம் முழுசாக இருக்கிறது, ஆனால் வடிகட்டுவதில்லை

நீர் தாராளமாகப் போகிறது, பிடிக்க வேண்டிய மூலக்கூறும் கூடவே போகிறது. சாயச் சோதனையில் கோடு எதுவும் இல்லை. அப்படியானால் துளைகள் பெருத்துவிட்டன.

600-இல் சுட்ட காமா அலுமினாவின் துளை நான்கைந்து நானோமீட்டர். 800, 900 என்று ஏற ஏறத் துளை பெருக்கும். 1100 தாண்டி ஆல்ஃபாவாக மாறினால் கிராமுக்கு இருநூறு சதுர மீட்டர் பக்கம் இருந்த பரப்பளவு பத்துக்குக் கீழே விழும். திரும்பி வரும் வழி கிடையாது.

சோதனை வரிசை: முதலில் உலையின் பதிவைப் பாருங்கள், அளவுக்கு மீறி ஏறியதா? அடுத்து, அதே நேரத்தில் உள்ளே வேறென்ன இருந்தது? இதை யாரும் கேட்பதில்லை. ஒருவர் பெரிய படகு (சுடுவதற்கான நீளத் தட்டு) நிறைய ஈரக் குழம்பை உங்கள் வட்டின் பக்கத்தில் வைத்துச் சுட்டிருந்தால், உங்கள் வட்டு சில மணி நேரம் நீராவியில் வெந்திருக்கிறது. நீராவியில் அலுமினாத் துகள்கள் வெறும் காற்றில் ஒட்டுவதைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும். சிலிகா படலம் இன்னும் மோசம், அதன் நுண்துளைகள் நீராவியில் அடைத்துக்கொண்டுவிடும். அங்கே அறிகுறி நேர்மாறாக, ஓட்டம் நின்றுபோவதாக இருக்கும். ஈர மாதிரிக்குத் தனி நாள் என்று எங்கள் உலைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

டைட்டேனியாவுக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக வடிவை அறியும் சோதனை) ஒன்று எடுங்கள், பணம் கொடுத்து எடுத்தாலும் தகும். தாமிரக் கதிரில் 25.3 டிகிரிக் கோணத்தில் அனட்டேஸ், 27.4 டிகிரிக் கோணத்தில் ரூட்டைல் என்று டைட்டேனியாவின் இரு படிக வடிவங்கள் தெரியும்; இங்கே மட்டும் டிகிரி என்பது கோணம். ரூட்டைல் தலை காட்டினால் துகள் பெருத்துவிட்டது. சுத்தமான டைட்டேனியாவில் பொதுவாக 600-க்கும் 700-க்கும் இடையில் மாறத் தொடங்கும். வனேடியம் ஏற்றியிருந்தால் அதற்கு முன்பே மாறும். வனேடியம் பென்டாக்சைடு 690 டிகிரியிலேயே உருகிவிடும் சரக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

உயர்ந்த வெப்பநிலை கட்டாயம் தேவை என்றால், அலுமினா சோலில் லாந்தனம் நைட்ரேட் சில சதவீதம் கலப்பது பழகிய வழி. அதற்கும் மேல் போக வேண்டுமானால் வேறு பொருள்தான் தேட வேண்டும்.

## அறிகுறி: வினையூக்கி நீலமாகிவிட்டது

நிக்கலை அலுமினாவில் ஏற்றி 450-இல் சுட்டால் கறுப்புக்கும் சாம்பல் பச்சைக்கும் இடையில் ஏதாவது ஒரு நிறம் வரும். வான நீலம் வந்தால் நிக்கல் அலுமினாவுக்குள் புகுந்து ஸ்பினல் என்ற கலப்பு ஆக்சைடாகிவிட்டது. கோபால்ட்டில் அந்த நீலம் இன்னும் அழுத்தமாக, ஓவியர்கள் பயன்படுத்தும் கோபால்ட் நீலமாகவே இருக்கும். பொருளும் அதேதான்.

எவ்வளவு புகுந்தது என்று பாருங்கள். பொடியில் ஒரு சிட்டிகையை ஹைட்ரஜன் கலவையில் 500 டிகிரியில் குறைத்து (ஆக்சிஜனைப் பறித்து உலோகமாக்கி), ஆறியபின் காந்தத்தைக் காட்டுங்கள். நிக்கல் உலோகம் வந்திருந்தால் பொடி காந்தத்தோடு நகரும். நகரவே இல்லை என்றால் எல்லாம் ஸ்பினலில் சிக்கியிருக்கிறது. அதை மீட்க 800 டிகிரிப் பக்கம் போக வேண்டும். அங்கே போனால் மீட்ட நிக்கலே உருண்டு திரளும். புதிதாகச் செய்வது மலிவு.

ஏன் வந்தது? நிரல் 700 தாண்டியிருந்தால் அதுவே காரணம். நிரல் 450 என்றிருந்தும் நீலம் வந்தால் மேலே உலைப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள், தெர்மோகப்பிள் பொய் சொல்கிறது. நீலம் இந்த விஷயத்தில் நல்ல சாட்சி.

ஒரு எச்சரிக்கை. குறைத்த நிக்கல் பொடியைக் காற்றில் அப்படியே கொட்டினால் தணல்போலச் சிவக்கும். அறை வெப்பநிலையில், நைட்ரஜனில் 1 சதவீதம் ஆக்சிஜன் கலந்து மெல்ல ஓடவிட்டு அடக்கிய பிறகே வெளியே எடுங்கள். குறைத்த நிக்கலின்மேல் கார்பன் மோனாக்சைடை 200 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் ஓடவிடக் கூடாது. நிக்கல் கார்பனைல் உண்டாகும், அது கொடிய விஷம். இந்த வேலைக்கு வாயுப் பாதுகாப்பு பார்க்கிற ஆள் பக்கத்தில் இல்லாமல் இறங்காதீர்கள்.

## அறிகுறி: பரப்பளவு அப்படியே இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை

பிஇடி எண் (வாயுவை ஒட்டவைத்து அளக்கும் பரப்பளவு) நன்றாக இருப்பதால் குழம்புவார்கள். பிஇடி தாங்கியைப் பற்றிச் சொல்கிறது. வேலை செய்வது அதன்மேல் இருக்கும் உலோகம். அது என்ன ஆனது?

பொடியைக் குவித்துச் சுட்டீர்களா? நைட்ரேட் உப்பு சிதையும்போது பழுப்புப் புகை வருமே, அது ஆழமான க்ரூசிபிளின் அடியில் தேங்கினால் அங்கே ஆக்சைடு பெரிய படிகமாக வளரும். மேல் அடுக்கிலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியாக எடுத்துச் சோதித்துப் பாருங்கள், இரண்டும் வேறு வினையூக்கிபோல நடந்துகொள்ளும். அகலமான தட்டில் சில மில்லிமீட்டர் மட்டும் பரப்பி, காற்று ஓடவிட்டுச் சுடுங்கள். புகைக்கூண்டு ஓடட்டும், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

வேகமாகக் காயவைத்தீர்களா? உருண்டை வினையூக்கியை பிளேடால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம், நடுவில் வெள்ளை என்றால் காயும்போதே உப்பு வெளித்தோலுக்கு வந்துவிட்டது. சுடுதலுக்கு இதில் பங்கே இல்லை.

உலோகம் திரண்டுவிட்டதா? உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். அந்த வெப்பநிலையைத் தொட்டால் துகள்கள் நகர்ந்து ஒன்றுசேரத் தொடங்கும். தாமிரத்துக்கு அது 406 டிகிரி, நிக்கலுக்கு 590, பிளாட்டினத்துக்கு 750 பக்கம். இது மேல் எல்லை மட்டுமே. தாமிரத்தை நான் 300-ஐத் தாண்ட விடுவதில்லை. குளோரைடு கொஞ்சம் இருந்தாலே அது கீழேயே நகரத் தொடங்கிவிடும். தாமிர குளோரைடில் செய்த வினையூக்கியை நைட்ரேட்டில் மறுபடி செய்து பாருங்கள், பல சமயம் அங்கேயே கதை முடிந்துவிடும். சோதனைக்கு எக்ஸ்ஆர்டி போதும். உலோகக் கோடுகள் முன்னைவிட ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்தால் துகள் பெருத்துவிட்டது.

துகள் பெருக்கவில்லை, ஆனாலும் ஹைட்ரஜனை ஏற்க மறுக்கிறதா? தாங்கி டைட்டேனியாவா என்று பாருங்கள். பிளாட்டினம் ஏற்றிய டைட்டேனியாவை ஹைட்ரஜனில் 500 டிகிரியில் குறைத்தால், தாங்கியே மெல்லிய தோலாக ஏறி உலோகத்தை மூடிக்கொள்ளும். 1978-இல் வெளியான பழைய சங்கதி இது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருவராவது புதிதாகக் கண்டுபிடிக்கிறார். நல்ல செய்தி, இது திரும்பும் கோளாறு. காற்றில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, பிறகு 200 டிகிரியில் மட்டும் ஹைட்ரஜன் கொடுங்கள். உயிர் வந்தால் இதுதான் நோய். வரவில்லை என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நேரம் வாங்குங்கள். அதுவரை அந்தச் செலவு வேண்டாம்.

## அறிகுறி: கரி எரித்துச் சுத்தம் செய்த பிறகு முன்னைவிட மோசம்

பழைய வினையூக்கியின் கரியை முழுக் காற்றில் எரித்திருப்பீர்கள். திரையில் 500 என்றிருக்கும், எரியும் மணியின் தோலில் அது எவ்வளவோ மேலே போயிருக்கும். வினையூக்கிப் படுக்கையின் நடுவில் தெர்மோகப்பிள் இருந்தால் ஒரு குன்றுபோல ஏறி இறங்கியது பதிவில் தெரியும். கெட்டது கெட்டதுதான். அடுத்தமுறை நைட்ரஜனில் ஒன்றிரண்டு சதவீதம் ஆக்சிஜனோடு தொடங்கி, குன்று அடங்கிய பிறகே ஆக்சிஜனைக் கூட்டுங்கள்.

## அறிகுறி: பல்லேடியம் சவ்வில் கசிவு, அல்லது ஓட்டம் தேய்கிறது

இரண்டும் வேறு நோய்கள், சேர்த்துப் பார்க்காதீர்கள்.

திடீர்க் கசிவு. அறை வெப்பநிலையில் ஒரு பக்கம் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து மறுபக்கம் சோப்புக் குமிழி மீட்டரில் பாருங்கள். பல்லேடியத்தின் வழியாக ஹைட்ரஜன் மட்டும்தான் போக வேண்டும், நைட்ரஜன் வந்தால் ஓட்டை. முதலில் முனை இணைப்பில் சோப்பு நீர் தடவுங்கள். கிராஃபைட் வளையம் காற்றுப் பக்கம் 450 டிகிரிக்கு மேல் இருந்தால் எரிந்து மெலியும், அதனால் ஒழுகுவதுதான் அடிக்கடி நடப்பது. வளையத்தை மாற்றினால் தீர்ந்தது. இணைப்பு சரியாக இருந்தால் போன முறை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். ஹைட்ரஜன் உள்ளே இருக்கும்போதே 300 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், பல்லேடியம் ஹைட்ரஜனை விழுங்கி வீங்கிப் பிளந்திருக்கும். ஏறும்போதும் அப்படியே. 300 தாண்டும்வரை நைட்ரஜன், இறங்கும்போது 300-ஐத் தொடும் முன் மறுபடி நைட்ரஜன். வெள்ளி கலந்த பல்லேடியம் கொஞ்சம் பொறுக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

மெல்லத் தேயும் ஓட்டம், கசிவு இல்லை. வாயுவில் கந்தகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலிண்டரை மாற்றிய நாளும் ஓட்டம் குறையத் தொடங்கிய நாளும் ஒன்றா? இல்லையென்றால் தாங்கி என்ன? நுண்துளை எஃகுத் தாங்கியில் நேராகப் பூசிய பல்லேடியத்தை 450, 500 டிகிரியில் வாரக்கணக்கில் ஓட்டினால் இரும்பு மேலேறிப் பல்லேடியத்தில் கலந்துவிடும், பளபளப்பு மங்கும். நடுவில் ஆக்சைடு தடுப்புப் படலம் இல்லாமல் வாங்கிய குழாய் என்றால் வெப்பநிலையைக் குறைத்து மிச்ச ஆயுளை ஓட்டலாம், அவ்வளவுதான். மறுபடி முலாம் பூசுவது ஆய்வகத்து வேலை அல்ல. குழாயைச் செய்தவரிடமே அனுப்புங்கள். அனுப்பும்போது எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் ஓடியது என்ற பதிவையும் கூடவே வையுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.